பதிவுப் படிவங்களுக்குத் தனி ‘எடிட்’ நிலை வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் மருத்துவமனையின் வெளிநோயாளர் பதிவுக்குச் செயலி எழுதியிருக்கிறீர்கள். நோயாளியின் பெயரைத் தேடித் திறந்தால், நாற்பது கட்டங்கள் கொண்ட படிவம் அப்படியே தட்டச்சுக்குத் தயாராக வந்து நிற்கிறது. போன மாதம் யாருக்கும் தெரியாமல் ஒருவரின் ரத்த வகை மாறிப்போயிருக்கிறது. மருத்துவர் கவனித்துவிட்டதால் விபரீதம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து நிர்வாகம், எல்லாப் படிவங்களையும் பூட்டி வைத்து, ‘எடிட்’ பட்டன் அழுத்தினால்தான் திறக்க வேண்டும் என்கிறது. பதிவு மேசையில் இருப்பவர்களோ, வரிசையில் ஆள் நிற்கும்போது ஒவ்வொரு பதிவுக்கும் இன்னொரு பட்டனா என்று கேட்கிறார்கள்.

என் பதிலைச் சுருக்கமாக வைத்துவிட்டுக் காரணங்களுக்குப் போகிறேன். புதிய பதிவு போடும் படிவத்துக்கு எடிட் நிலை எந்தக் காரணத்தாலும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் பதிவைத் திறந்தால், படிப்பதற்கென்றே வடிவமைத்த ஒரு பக்கம் முதலில் வரட்டும். அங்கிருந்து திருத்தப் போகலாம். இப்போதிருக்கும் படிவத்தையே சாம்பல் நிறமாக்கிப் பூட்டி மேலே ஒரு பட்டன் வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது மேசையில் இருப்பவரின் நேரத்தை எடுத்துக்கொள்ளும், ரத்த வகையைக் காப்பாற்றாது.

ஒரே விசை ஒரு நேரத்தில் ஒன்றும் இன்னொரு நேரத்தில் வேறொன்றும் செய்யும்படி அமைவதைத்தான் நிலை (மோட்) என்கிறோம். நிலைகள் மேல் கணினித் துறைக்கு இருக்கும் அச்சம் பழையது. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பிராவோ என்ற எழுத்துச் செயலி இருந்தது. அதில் கட்டளை நிலை ஒன்று, எழுதும் நிலை ஒன்று. எழுதும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், முதல் எழுத்து முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது எழுத்து அதை அழிக்கும், மூன்றாவது எழுதும் நிலைக்குக் கொண்டுபோகும், நான்காவது எழுத்தான ‘டி’ திரையில் விழும். மொத்த ஆவணத்துக்கும் பதிலாக ஒற்றை எழுத்து மிஞ்சும். அதே மையத்தில் பணியாற்றிய லாரி டெஸ்லர், நிலைகளே இல்லாத எழுத்துச் செயலிக்காகப் பாடுபட்டார். டிம் மாட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ஜிப்சி என்ற எழுத்துச் செயலியில்தான் இன்று நாம் பழகியிருக்கும் வெட்டி ஒட்டும் முறை உருப்பெற்றது. காரின் எண் பலகையில்கூட ‘நோ மோட்ஸ்’, அதாவது நிலைகள் வேண்டாம், என்று வைத்திருந்தவர் அவர். 2020இல் காலமானார்.

அவர் வழி வந்தவர்கள் எடிட் பட்டனைக் கண்டாலே எதிர்ப்பார்கள். நான் முழுக்க அவர்கள் பக்கம் இல்லை. பிராவோவில் ஒரே விசை ஒரு நிலையில் எழுதும், இன்னொரு நிலையில் அழிக்கும். ஆபத்து அங்கே இருந்தது. பூட்டிய படிவத்தில் தட்டினால் எதுவும் அழியாது, எதுவும் நடக்காது, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘எதுவும் நடக்காது’ என்பதும் சிறிய இழப்பல்ல. டேட்டா என்ட்ரி ஆபரேட்டரின் கண் காகிதத்தில் இருக்கும், விரல் விசைப்பலகையில் இருக்கும். முகவரி, ஊர், தொலைபேசி எண் என்று மூன்று கட்டங்களைத் தட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஒன்றும் ஏறியிருக்காது. ஒரு நாளில் பத்து முறை இப்படி நடந்த பிறகு, பதிவைத் திறந்ததும் எடிட் அழுத்துவது கையோடு ஒட்டிய பழக்கமாகிவிடும். பழக்கமாகிவிட்ட பட்டன் யாரையும் யோசிக்க வைக்காது. அதன் பிறகு அது இருந்தும் காவலில்லை.

பெரிய நிறுவனங்களில் ஓடும் மேலாண்மை மென்பொருளான எஸ்ஏபியைப் பாருங்கள். விற்பனை ஆணையை உருவாக்க விஏ01, மாற்ற விஏ02, பார்க்க மட்டும் விஏ03. மூன்றும் தனித்தனிக் கட்டளைகள். திருத்துவதும் பார்ப்பதும் வேறு வேறு வாசல்கள் என்பது அங்கே மேல்பூச்சு கிடையாது, அடித்தளத்திலேயே இருக்கிறது. அனுமதி வழங்கும்போதும் உருவாக்குவதற்கு 01, மாற்றுவதற்கு 02, பார்ப்பதற்கு 03 என்றே குறிப்பார்கள். விஏ02 வழியாக ஒருவர் ஓர் ஆணையைத் திறந்தால் அது அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். அடுத்து வருபவருக்கு, இன்னார் இதில் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று செய்தி வரும். கடுமையான முறைதான். ஆனால் அங்கே அந்தப் பிரிவு உண்மையான வேலை செய்கிறது: யாருக்கு அனுமதி, யார் கையில் பூட்டு என்ற இரண்டையும் அதுவே தீர்மானிக்கிறது. உங்கள் நிர்வாகம் கேட்கும் பட்டன் இந்த இரண்டில் எதையும் செய்யாது. வாசல் மாதிரி தோற்றம் மட்டும் இருக்கும்.

நிர்வாகம் எடிட் பட்டனைக் கேட்கும்போது அதன் மனத்தில் நான்கு கவலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். தவறிக் கை பட்டு மாறிவிடக் கூடாது. உரிமை இல்லாதவர் மாற்றக் கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றி ஒருவர் வேலையை மற்றவர் அழித்துவிடக் கூடாது. மாற்றியவர் யார் என்று பின்னால் தெரிய வேண்டும். பட்டன் இவற்றில் முதல் கவலையைத்தான் தொடுகிறது. அதையும் எவ்வளவு அரைகுறையாகத் தொடுகிறது என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலையின் கிடங்குக்கு டெஸ்க்டாப் செயலி ஒன்று எழுதினேன். எடிட் பட்டன் வைத்த படிவம்தான். ஆனாலும் சரக்கின் அளவுகோல் சில பதிவுகளில் கிலோவிலிருந்து மூட்டைக்கு மாறிக்கொண்டே இருந்தது. கிடங்கில் இருந்தவர்கள், நாங்கள் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒரு நாள் காலை முழுவதும் அவர்கள் பின்னால் நின்று பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. விலையைத் திருத்துவதற்காக முறைப்படி எடிட் அழுத்துவார்கள். அளவுகோல் சரிதானா என்று பார்க்க அதன் டிராப் டவுனை, அதாவது தொட்டால் விரியும் பட்டியலை, கிளிக் செய்து, சரிதான் என்று மூடிவிடுவார்கள். பிறகு பக்கத்தின் கீழே இருக்கும் விலையைப் பார்க்க மவுஸ் சக்கரத்தை உருட்டுவார்கள். கணினியின் கவனம் இன்னும் அந்த டிராப் டவுனிலேயே இருப்பதால், பக்கம் நகர்வதற்குப் பதிலாகக் கிலோ மூட்டையாகிவிடும். அவர்கள் சொன்னது உண்மை. அவர்கள் கண் முன்னால்தான் மாறியது, ஆனால் அவர்கள் மாற்றவில்லை.

உங்கள் மருத்துவமனையின் ரத்த வகைக் கட்டமும் டிராப் டவுனாக இருந்தால் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். எண்களுக்கான கட்டத்திலும் சக்கரம் உருண்டால் மதிப்பு கூடிக் குறைவது உண்டு. உலாவியின் தானியங்கி நிரப்பி இன்னொரு சந்தேகத்துக்குரியது: தொலைபேசி, மின்னஞ்சல் கட்டங்களில் அது ஆபரேட்டரின் சொந்த விவரங்களைக் கொண்டுவந்து வைத்துவிடும். இந்த விபத்துகள் எல்லாம் எடிட் அழுத்திய பிறகு, திருத்தத்தின் நடுவில் நடப்பவை. வாசலில் காவல் போட்டுப் பயனில்லை. நூற்பாலையில் நான் கடைசியில் செய்தது வேறு. மூடியிருக்கும் டிராப் டவுன் சக்கரத்துக்கு அசையாதபடி ஆக்கினேன். மதிப்பு மாறிய கட்டத்தின் பின்னணி வெளிர் மஞ்சளாகும்படி செய்தேன். சேமிக்கும் இடத்துக்கு மேலேயே, ‘அளவுகோல்: கிலோ இருந்தது, மூட்டை ஆகிறது’ என்று ஒரு வரி வரும்படி வைத்தேன். குறைகள் வருவது நின்றது.

இனி அந்தச் சாம்பல் படிவத்துக்கு வருகிறேன். இணையப் படிவத்தில் கட்டத்தைப் பூட்ட இரண்டு வழிகள் உண்டு. ‘டிசேபிள்டு’ என்று குறித்தால், கர்சர் அதில் போகாது, எழுத்து மங்கும், பல உலாவிகளில் அதிலிருந்து நகலெடுப்பதும் சிரமம். படிவத்தை அனுப்பும்போது அந்தக் கட்டத்தின் மதிப்பு சர்வருக்குப் போகவே போகாது. சர்வர் பக்கம் எழுதியவர் இதை எதிர்பார்க்காவிட்டால், வராத மதிப்பை வெற்று மதிப்பாக எடுத்துக்கொண்டு இருந்ததையும் அழித்துவிடும். ‘ரீட் ஒன்லி’ என்று குறித்தால் கர்சர் போகும், நகலெடுக்கலாம், மதிப்பும் அனுப்பப்படும்; ஆனால் டிராப் டவுனுக்கும் டிக் பெட்டிக்கும் அது செல்லுபடியாகாது. ஆகவே எல்லோரும் இரண்டையும் கலந்து போடுகிறார்கள். படிவத்தின் ஒரு பாதி ஒரு மாதிரியும் மறுபாதி இன்னொரு மாதிரியும் நடந்துகொள்கிறது.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதே கதையின் பழைய வடிவம் தெரியும். படிவத்தின் ‘அலவ் எடிட்ஸ்’ பண்பை ‘நோ’ என்று மாற்றினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும் என்று நம்பிப் போடுவோம். பூட்டிக்கொள்ளும், கூடவே, தேடுவதற்காக மேலே வைத்திருந்த காம்போ பெட்டியும் பூட்டிக்கொள்ளும். தரவுத்தளத்தோடு தொடர்பே இல்லாத பெட்டி அது. பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பூட்டி நிரல் எழுத வேண்டி வரும். ஆனால் அதே ஆக்சஸில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றும் உண்டு. பூட்டாத படிவத்தில் முதல் எழுத்தைத் தட்டியவுடன் பதிவின் இடப்பக்கம் ஒரு சிறிய பென்சில் தோன்றும். நீங்கள் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை, தட்டியதாலேயே திருத்தம் தொடங்கிவிட்டது என்று அது சொல்கிறது. எஸ்கேப் ஒரு முறை அழுத்தினால் அந்தக் கட்டம் பழைய நிலைக்குத் திரும்பும். இன்னொரு முறை அழுத்தினால் முழுப் பதிவும் திரும்பும். 1992இல் வெளிவந்த மென்பொருளின் அந்த ஏற்பாட்டை, இன்றைய எத்தனையோ இணையச் செயலிகளில் காண முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அப்படியென்றால் படிக்கும் பக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். பாதுகாப்புக்காக இல்லை, படிப்பதற்காகத்தான். தட்டச்சுக்கான படிவமும் வாசிப்புக்கான பக்கமும் வேறு வேறு பொருள்கள். படிவத்தில் முகவரி ஐந்து கட்டங்களாகப் பிரிந்து கிடக்கும், நீளமான தெருப் பெயர் கட்டத்துக்குள் பாதியில் வெட்டுப்படும், நிரப்பாத இருபது கட்டங்கள் வெறுமையாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வாசிப்புப் பக்கத்தில் அதே முகவரி உறையில் எழுதியதுபோல நான்கு வரியாக நிற்கும். பிறந்த தேதியோடு வயதும் சேர்ந்து தெரியும். தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும். ஒவ்வாமை இருந்தால் பெயருக்கு அருகிலேயே பெரிதாக நிற்கும். இல்லாத விவரங்கள் இடம் பிடிக்காது. மருத்துவரும் செவிலியரும் நோயாளியின் பதிவைத் திறப்பது பெரும்பாலும் பார்ப்பதற்குத்தான். அவர்களிடம் நாற்பது கட்டங்களை நீட்டுவது, முகவரி கேட்டவரிடம் வெற்று விண்ணப்பத்தைக் கொடுப்பது போன்றது.

ஆகவே சோதனை எளிது. பார்க்கும் பக்கமும் திருத்தும் பக்கமும் உங்கள் வடிவமைப்பில் ஒரே மாதிரி இருந்து, நிறம் மட்டும் வேறுபட்டால், தனி நிலை தேவையில்லை. நேராகவே திருத்த விடுங்கள். பார்க்கும் பக்கம் வாசகருக்கென்று உண்மையிலேயே வேறாக அமைந்தால், தனி நிலைக்கு நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும் என்பதற்கு சர்வர் தானே எழுதிவைக்கும் நடவடிக்கைக் குறிப்புகளே (லாக்) சாட்சி. ஒரு வாரத்தில் நோயாளி பதிவு எத்தனை முறை திறக்கப்பட்டது, எத்தனை முறை சேமிக்கப்பட்டது, எந்தத் துறையினர் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதாடுவதைவிட அந்த எண்கள் விரைவாக முடிவுக்குக் கொண்டுவரும்.

இதைப் பெரிய அளவில் மாற்றிப் பார்த்த உதாரணம் ஓடூ. பெல்ஜியத்தில் உருவான இந்த நிறுவன மேலாண்மை மென்பொருளில், நீண்ட காலம் எந்தப் பதிவைத் திறந்தாலும் முதலில் வாசிப்பு நிலை, பிறகு எடிட், பிறகு சேமி என்றே இருந்தது. 2022 அக்டோபரில் வந்த 16ஆம் பதிப்பில் எடிட் பட்டனை எடுத்துவிட்டார்கள். பதிவு எப்போதும் திருத்தத் தயாராக இருக்கும். பக்கத்தை விட்டு நகர்ந்தால் தானாகச் சேமித்துக்கொள்ளும். உடனே சேமிக்கவும் மாற்றத்தைக் கைவிடவும் மேலே இரண்டு சிறிய குறிகள் மட்டும். தொடர்ந்து திருத்தும் வேலை உள்ளவர்களுக்கு இது பெரிய விடுதலை. பழைய பட்டனைத் திரும்பக் கொண்டுவரும் துணை நிரல்களும் (மாட்யூல்கள்) வெளியாயின. எனக்குப் பட்டனை எடுத்ததில் குறை இல்லை. பட்டனை எடுத்ததும் தானாகச் சேமிப்பதும் சேர்ந்து வந்ததுதான் பலரை அச்சுறுத்தியது. எடிட் பட்டன், சேமி பட்டன் இரண்டில் ஒன்றாவது மனிதனின் முடிவாக இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அதே ஓடூவில் கணக்குப் பதிவு உறுதியாகிவிட்டால், அதை மறுபடி வரைவு நிலைக்குக் கொண்டுவந்தால்தான் திருத்த முடியும் என்பதையும் கவனியுங்கள். படிவத்தில் இருந்த பூட்டைப் பதிவின் நிலைக்கு மாற்றியிருக்கிறார்கள். பூட்டு இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மாற்றியவர் யார் என்ற கவலைக்கு இந்தியக் கணக்காளர்கள் எல்லோரும் அறிந்த ஒரு விடை உண்டு. டேலி என்ற கணக்கு மென்பொருளில் நாள்வாரிப் பட்டியலான டே புக்கைத் திறந்து ஒரு வவுச்சர் மேல் என்டர் தட்டினால், அது திருத்தும் நிலையிலேயே திறக்கும். பார்க்க மட்டும் திறந்தவர்கூடக் கன்ட்ரோலும் ஏயும் சேர்த்து அழுத்திவிட்டால், சேமித்துத்தான் வெளியே வருவார். இத்தனை ஆண்டுகளும் இலட்சக்கணக்கான கடைகள் அப்படித்தான் நடக்கின்றன. சட்டம் வந்து கை வைத்தபோது, எடிட் பட்டன் வையுங்கள் என்று சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிய வேண்டும். அந்தத் தடத்தை யாராலும் நிறுத்தி வைக்க முடியக் கூடாது என்றுதான் சொல்லியது. ரூபாய்க் கணக்குக்கே இந்தத் தடம் தேவை என்றால், ஒருவரின் ரத்த வகைக்குத் தேவையில்லையா?

இரண்டு பேர் ஒரே பதிவைத் திருத்தும் சிக்கலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு மேசையில் ஒருவர் தொலைபேசி எண்ணை மாற்றுகிறார். அதற்கு முன்பே அதே பதிவைத் திறந்து வைத்திருந்த மருந்தகத்துக்காரர் முகவரியை மாற்றிச் சேமிக்கிறார். அவர் படிவத்தில் இருந்த பழைய எண்ணும் சேர்ந்து போவதால், புதிய எண் போய்ப் பழைய எண் வந்துவிடுகிறது. எடிட் பட்டன் இந்த இடைவெளியைக் குறுக்கலாம், மூடாது. ஒவ்வொரு பதிவுக்கும், சேமிக்கும்போதெல்லாம் மாறும் ஒரு பதிப்பு எண் வையுங்கள். சேமிக்கும்போது, திறந்தபோது இருந்த பதிப்பு எண்ணோடு அது பொருந்தாவிட்டால் சர்வர் மறுக்கட்டும். முழுப் படிவத்தையும் அனுப்பாமல் மாறிய கட்டங்களை மட்டும் அனுப்புங்கள். தனித் திருத்தப் பக்கம் வைத்தால், அது திறக்கும் கணத்தில் பதிவைப் புதிதாக எடுத்து வாருங்கள்.

பார்வையற்ற ஆபரேட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற திரை வாசிப்பான்களில் பக்கத்தை உலவும் நிலை, கட்டத்தில் தட்டும் நிலை என்று ஏற்கெனவே இரண்டு உண்டு. அதன் மேல் உங்கள் நிலையும் சேர்கிறது. எடிட் அழுத்தியதும் பழைய பக்கத்தை அகற்றிப் புதியதை வைத்தால், அவர் நின்ற இடம் தொலைந்து பக்கத்தின் உச்சிக்குப் போய்விடுவார். கவனத்தை முதல் கட்டத்தில் கொண்டுபோய் வைப்பதும், திருத்தத் தொடங்கிவிட்டது என்று ஒலியாக அறிவிப்பதும் உங்கள் கடமை.

இனி உங்கள் மருத்துவமனைக்கு. புதிய நோயாளி என்றால் படிவம் உடனே திறந்து, கர்சர் பெயர்க் கட்டத்தில் நிற்கட்டும். பழைய நோயாளி என்றால் வாசிப்புப் பக்கம் வரட்டும். மேசையில் அடிக்கடி மாறுவது தொலைபேசி, முகவரி, உடன் வந்தவரின் பெயர் போன்ற சிலவே; அந்த மதிப்பின் மேல் இருமுறை கிளிக் செய்தாலோ, எக்செல்லில் கை பழகிய எஃப்2 விசையைத் தட்டினாலோ, அந்தக் கட்டம் அங்கேயே திறந்து கர்சரும் அதிலேயே நிற்கட்டும். பட்டனைத் தேடிப் போக வேண்டாம். பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகிய அடையாள விவரங்களைத் திருத்தத் தனிப் பக்கம் வையுங்கள். ஏன் மாற்றுகிறோம் என்று ஒரு வரி எழுதிய பிறகே சேமிக்கட்டும்.

ரத்த வகை பதிவு மேசையில் திருத்தக்கூடிய கட்டமாக இருக்கவே கூடாது. அது ஆய்வகம் சோதித்துச் சொல்லும் முடிவு, நோயாளி வாயால் சொல்லும் விவரம் இல்லை. ஆய்வகப் பதிவிலிருந்து வரட்டும், மேசையில் படிக்க மட்டும் தெரியட்டும், உரிமை சர்வரிலேயே மறுக்கப்படட்டும். நிர்வாகத்தின் அச்சத்துக்குக் காரணமான அந்த ஒரு கட்டத்தை எடுத்துவிட்டால், மீதி முப்பத்தொன்பதைப் பூட்ட வேண்டும் என்ற வற்புறுத்தலும் தளரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஒரு மேசையில் மட்டும் முதலில் போட்டு, திங்கட்கிழமை காலை வரிசை நீளமாக இருக்கும் நேரத்தில் ஆபரேட்டருக்குப் பின்னால் நின்று பாருங்கள். அவர் கண் காகிதத்திலேயே இருக்கிறதா, எதையோ தேடித் திரையில் அலைகிறதா என்று கவனியுங்கள். ரத்த வகைக் கட்டத்தை எடுப்பதையும் மாற்றங்களின் தடத்தைப் பதிவதையும் மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே செய்துவிடுங்கள்.